மரக்கறி உணவும் மருத்துவச் சான்றிதழும்

மனிதன் தன் உணவைப் பசியினால் மட்டும் தெரிந்தெடுத்தவன் அல்லன். சமயம், சாதி, நிலம், கடல், சந்தை, கூலி ஆகிய யாவும் அவனுடைய உண்கலத்திலே தத்தம் பங்கைப் பரிமாறியே வந்துள்ளன. ஆகவே, ஒரு சமுதாயம் தன் உணவைப்பற்றி யாது பேசுகின்றது என்பதை நோக்கினால், அது தன்னைப்பற்றி யாது எண்ணுகின்றது என்பதும் புலப்படும். ஈழத்துத் தமிழரிடையே 'சைவம்' என்னும் சொல் சமயத்தையும் குறிக்கும், சோற்றையும் குறிக்கும். 'இன்று வீட்டில் சைவமோ, மச்சமோ?' என்னும் சாதாரண வினாவிலே ஒரு தத்துவமும் ஒரு கறிச்சட்டியும் ஒருங்கே அடங்கிவிடுகின்றன.

அண்மைக் காலத்திலே இச்சொல்லுக்கு மூன்றாவது பொருளொன்றும் ஏற்றப்பட்டு வருகின்றது. சைவம் என்றால் ஆரோக்கியம் என்பதே அப்பொருள். திருவிழா மேடைகளிலும் ஆலய மலர்களிலும் ஞாயிறு இதழ்களின் மருத்துவப் பக்கங்களிலும் இக்கூற்று ஓயாது ஒலிக்கின்றது. மரக்கறி உண்போர் நீடூழி வாழ்வர் என மேனாட்டு விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டுவிட்டனராம்; முன்னோர் இதனை அன்றே அறிந்து வைத்திருந்தனராம். இதற்கு எதிரணியும் உண்டு. மீனும் இறைச்சியும் இல்லாத சாப்பாடு நோயாளியின் சாப்பாடு என்றும், மச்சம் உண்ணாதவன் உடலில் பலம் ஏறாது என்றும் அவ்வணியினர் சாதிப்பர். அவர்களும் விஞ்ஞானத்தையே துணைக்கு அழைப்பர்.

இவ்விரு சாராரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். அறம் சார்ந்த வினாவொன்றையும் உடல்நலம் சார்ந்த வினாவொன்றையும் வறுமை சார்ந்த வினாவொன்றையும் ஒன்றாகக் குழைத்து, எவரோ எங்கோ நடத்திய ஆய்வின் பெயரால் மூன்றுக்கும் ஒரே விடையைத் தந்துவிடுகின்றனர். இக்குழப்பத்தினால் வரும் நட்டத்தை மேடையிற் பேசுவோர் அடைவதில்லை. குருதிச்சோகையுடன் பிள்ளை பெறும் தாயும், வளர்ச்சி குன்றிய அவளுடைய பிள்ளையுமே அடைகின்றனர். ஆதலால் இது வெறும் பட்டிமன்றப் பொருளன்று.

ஆய்வுகள் கூறுவன

முதலில், மேடைகளிலே துணைக்கு அழைக்கப்படும் ஆய்வுகள் உண்மையில் யாது கூறுகின்றன என்பதை நோக்குதல் தகும். இத்துறையிலே இரு பெரும் ஆய்வுகள் முதன்மையானவை. ஒன்று, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 1993 ஆம் ஆண்டு தொடக்கம் பிரித்தானியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 65,000 பேரைச் சேர்த்து நடத்திவரும் ஆய்வு. மற்றையது, கலிபோர்னியாவிலுள்ள லோமா லிண்டா பல்கலைக்கழகம், ஏழாம்நாள் அட்வென்டிஸ்த் என்னும் கிறித்தவ சபையினரிடையே நடத்திவரும் ஆய்வு. இதன் இரண்டாம் கட்டத்திலே 2002 முதல் 2007 வரை ஏறத்தாழ 96,000 பேர் சேர்க்கப்பட்டனர்.

ஒக்ஸ்போர்ட் ஆய்வினர் 2019 ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு, ஏறத்தாழ 48,000 பேரைப் பதினெட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து பெறப்பட்டதாகும். இறைச்சி உண்போருடன் ஒப்பிடுகையில், மரக்கறி உண்போருக்கு இதய நாடி அடைப்பு நோய் 22 வீதம் குறைவாகவே காணப்பட்டது. இறைச்சியை விலக்கி மீனை மட்டும் உண்டோருக்கு அது 13 வீதம் குறைவாயிருந்தது. மேடைப் பேச்சு இவ்விடத்திலேயே நின்றுவிடும். ஆனால் ஆய்வறிக்கை நிற்கவில்லை. அதே மரக்கறி உண்போருக்குப் பாரிசவாதம் 20 வீதம் கூடுதலாகக் காணப்பட்டது என்பதும் அதே அறிக்கையிலேயே உள்ளது. வீதங்களை ஆட்களாக மாற்றி நோக்கினால் உண்மையின் பருமன் விளங்கும். ஆயிரம் பேரைப் பத்தாண்டுகள் கவனித்தால், மரக்கறி உண்போரிடையே இதய நோயாளர் பத்துப்பேர் குறைவு. பாரிசவாத நோயாளர் மூவர் கூடுதல். இது நன்மையே, ஆயினும் மேடையிலே வருணிக்கப்படும் அற்புதம் அன்று.

2020 ஆம் ஆண்டிலே அதே ஆய்வினர் என்புமுறிவு பற்றி வெளியிட்ட முடிவு இன்னும் கூர்மையானது. பாலையும் முட்டையையும்கூட விலக்கிய முழுத் தாவர உணவினருக்கு இடுப்பென்பு முறிவு, இறைச்சி உண்போருக்கு ஏற்பட்டதைப்போல் 2.3 மடங்காக இருந்தது. கல்சியம், புரதம், உடல் எடை ஆகியவற்றின் வேறுபாட்டைக் கணக்கில் எடுத்த பின்னரும் வேறுபாடு முற்றாக மறையவில்லை.

லோமா லிண்டா ஆய்வு 2013 ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவின்படி, 73,308 பேரை ஏறத்தாழ ஆறாண்டுகள் பின்தொடர்ந்ததில், மரக்கறி உண்போரின் இறப்பு விகிதம் ஏனையோரைவிட 12 வீதம் குறைவாயிருந்தது. மேடைகள் போற்றும் எண் இதுவே. ஆனால் அதே அட்டவணையில் மிகக் குறைந்த இறப்பு விகிதம் யாருக்குரியது? மரக்கறியோடு மீனையும் உண்டோருக்கு! அவர்களுக்கு அது 19 வீதம் குறைவாயிருந்தது. மேலும், ஆண்களிடையே தெளிவாகத் தோன்றிய இந்த நன்மை பெண்களிடையே புள்ளிவிபரவியல் ஏற்கக்கூடிய அளவிலே தோன்றவில்லை. விரதங்களிற் பெரும்பங்கைத் தாங்குவோர் பெண்களே என்பதை நினைவிற் கொண்டால், மேடைகள் இச்செய்தியை விட்டுவிடுவது அற்பமான மறதியன்று.

தெரிந்தெடுத்தோரின் ஆரோக்கியம்

இவ்வெண்களைவிட முக்கியமான வினா ஒன்றுண்டு. இவ்வாய்வுகளிலே அளக்கப்பட்டோர் யாவர்? ஒக்ஸ்போர்ட் ஆய்விலே பங்குகொண்ட மரக்கறி உணவினர், தம் உணவைத் தாமே தெரிந்தெடுத்தோர். உணவின் உள்ளடக்கத்தை வாசித்தறியும் கல்வியும், பருப்பு, விதை, பழம், பாலாடைக்கட்டி என வகைவகையாக வாங்கும் வருவாயும் உடையோர் இத்தகைய ஆய்வுகளுக்குத் தாமாக முன்வருதல் வழமை. அட்வென்டிஸ்த் சபையினரோ புகையிலையையும் மதுவையும் விலக்குமாறு தம் சமயத்தாலேயே பணிக்கப்பட்டவர்கள்.

இதற்குத் தெளிவான சான்று அவ்வாய்விலேயே கிடைக்கின்றது. ஒக்ஸ்போர்ட் ஆய்வினர் 2009 ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கின்படி, ஆய்விற் பங்குகொண்டோரின் இறப்பு விகிதம், பிரித்தானியப் பொதுமக்களுக்குரிய விகிதத்தின் 52 வீதம் மட்டுமே. மரக்கறி உண்டோர் மட்டுமல்ல, அதே ஆய்வில் இறைச்சி உண்டோரும் ஏனைய பிரித்தானியரைவிடக் குறைவாகவே இறந்தனர். அவ்விரு பிரிவினரையும் தம்முள் ஒப்பிட்டபோதோ, மொத்த இறப்பு விகிதத்தில் வேறுபாடு ஏதும் புலப்படவில்லை.

இதன் பொருள் யாது? உயிரைக் காத்ததிலே பெரும்பங்கு கத்தரிக்காய்க்கும் உரியதன்று, ஆட்டிறைச்சிக்கும் உரியதன்று. புகையாமை, அளவான உணவு, உடலுழைப்பு, கல்வி, வருவாய், நேரத்துக்கு மருத்துவரை நாடும் வசதி ஆகியவற்றுக்கே அது உரியது. தெரிந்தெடுக்கும் ஆற்றலுடையோரின் ஆரோக்கியத்தை, தெரிவே இல்லாதோரின் கோப்பைக்கு மாற்றி எழுதுவது விஞ்ஞானமாகாது.

இலண்டனின் இன்னொரு முகம்

அதே பிரித்தானியாவிலே மரக்கறியுணவின் வேறொரு வரலாறும் எழுதப்பட்டுள்ளது. இலண்டனின் வடமேற்கே ஹரோ பகுதியில் குடியேறிய இந்து மரக்கறி உணவினரிடையே விற்றமின் பி12 குறைபாட்டினால் ஏற்படும் குருதிச்சோகை பரவலாகக் காணப்பட்டமை 1985 ஆம் ஆண்டு மருத்துவ இதழொன்றிலே வெளியாயிற்று. தென்னிலண்டனிலே குடியேறிய ஆசிய மக்களிடையே நிகழ்ந்த சிறிய ஆய்வொன்று 1995 ஆம் ஆண்டு வெளிவந்தது. நாள்தோறும் மீனோ இறைச்சியோ உண்டோருடன் ஒப்பிடுகையில், பாலை மட்டும் சேர்த்துக்கொண்ட மரக்கறி உணவினருக்குக் காசநோய் ஏற்படும் வாய்ப்பு 8.5 மடங்காக இருந்ததென அது கூறிற்று. ஒரே நாடு, இரு சாராரும் மரக்கறியினர், விளைவுகளோ எதிரெதிரானவை! ஒரு சாரார் கொள்கையால் தெரிந்தெடுத்த உணவு. மற்றைய சாரார் மரபால் பெற்ற உணவைப் புதிய குளிர்நாட்டிலே, வெயிலும் வருவாயும் குறைந்த வாழ்விலே தொடர்ந்த நிலை. ஈழத்துச் சைவ உணவினர் இவ்விருவருள் யாருக்கு நெருங்கியவர் என்பதை மேடைப் பேச்சாளரே கூறட்டும்.

விற்றமின் பி12 பற்றிச் சிறிது விரித்துரைத்தல் அவசியமாகின்றது. இச்சத்தை ஆக்கவல்லவை பற்றீரியாக்கள் மட்டுமே. தாவரங்கள் இதனை ஆக்குவதில்லை. மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றின் வழியாகவே அது பெரும்பாலும் மனிதனை அடைகின்றது. உடல் இதனை ஈரலிலே பல ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமித்து வைக்கும். ஆதலால் உணவிலே அது குறையத் தொடங்கி ஆண்டுகள் பல கழிந்த பின்னரே களைப்பு, சோகை, கை கால் விறைப்பு, நினைவுத் தளர்ச்சி என நோய் வெளிப்படும். 'இத்தனை ஆண்டுகள் மரக்கறி உண்டேன். எனக்கு ஒன்றும் நேரவில்லை' என்னும் சாட்சியம் எவ்வளவு பலவீனமானது என்பது இதனாற் பெறப்படும்.

'முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்' என்பாருக்கு ஓர் உண்மையை நினைவூட்டலாம். இச்சத்து முதன்முதலிற் பிரித்தெடுக்கப்பட்டது 1948 ஆம் ஆண்டிலாகும். அப்போது ஆறுமுக நாவலர் மறைந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்திருந்தன. முன்னோர் அறியாத ஒன்றை அவர்கள் அறிந்திருந்தனர் எனக் கூறுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையன்று. அவர்கள் அறிந்து கூறியது எது என்பதைக் கேளாமல் விடுவதற்கு அஃது ஒரு சாட்டாகும்.

இந்தியாவின் புனே நகரிலே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய குழுவினரும் 2006 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நடுவயது ஆண்கள் 441 பேருள் 67 வீதமானோருக்கு இச்சத்துக் குறைவாயிருந்தது. அதே நகரைச் சூழ்ந்த கிராமத்துத் தாய்மாரிடையே 1993 ஆம் ஆண்டு தொடங்கிய அவர்களுடைய இன்னோர் ஆய்வு, கருவுற்ற காலத்திலே தாய்க்கு இச்சத்துக் குறைவாயிருப்பதற்கும், பிற்காலத்திலே பிள்ளைக்கு நீரிழிவை நோக்கிச் செல்லும் உடற்போக்கு ஏற்படுவதற்கும் இடையே தொடர்பு இருத்தலைச் சுட்டிற்று. நெடுங்கால விளைவு என்பது ஒருவரின் ஆயுளோடு முடிவதன்று. அது தாயின் கோப்பையிலிருந்து பிள்ளையின் குருதிக்கும் செல்லக்கூடும்.

எந்த மரக்கறி?

'மரக்கறி உணவு நல்லதா?' என்னும் வினாவே குறைபாடுடையது. சிவப்புப் பச்சையரிசிச் சோறும் பருப்பும் முருங்கையிலை வறையும் மரக்கறி உணவு. வெள்ளைப் பாணும் சீனி நிரம்பிய தேநீரும் மரக்கறி உணவு. எண்ணெயிற் பொரித்த வடையும் சோடாப் போத்தலும்கூட மரக்கறி உணவே. இவற்றை ஒரே பெயரால் அழைத்து ஒரே பயனை எதிர்பார்ப்பது அறிவுக்கு ஒவ்வாது.

அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2017 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இவ்விடயத்தைத் தெளிவாக்கிற்று. மருத்துவத் துறையிற் பணிபுரிந்த ஏறத்தாழ 2 இலட்சம் பேரின் உணவுப் பழக்கத்தை அவர்கள் இரு வகையாக அளந்தனர். முழுத்தானியம், பருப்பு, பழம், காய்கறி, விதை ஆகியன மிகுந்த தாவர உணவை உண்டோருக்கு இதய நோய் 25 வீதம் குறைந்திருந்தது. தீட்டிய தானியம், கிழங்கு, இனிப்பு, இனிப்பூட்டிய பானம் ஆகியன மிகுந்த தாவர உணவை உண்டோருக்கு அது 32 வீதம் கூடியிருந்தது. இரண்டுமே தாவரம்! ஒன்று காத்தது, மற்றொன்று கெடுத்தது.

இது புதிய பாடமும் அன்று. 1890களிலே யாவாத் தீவிற் பணியாற்றிய ஒல்லாந்த மருத்துவர் ஐக்மன், தீட்டிய வெள்ளையரிசியை உண்ட கோழிகள் பெரிபெரி போன்ற நரம்பு நோய்க்கு ஆளாவதையும், தவிடு நீங்காத அரிசியைக் கொடுத்ததும் அவை தேறுவதையும் கண்டார். 1929 ஆம் ஆண்டு நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. நோய்க்கும் நீக்கத்துக்கும் இடையிலே இருந்தது இறைச்சியன்று, தவிடு. இலங்கையிலே இன்று சைவக் கடையிலும் அசைவக் கடையிலும் ஒரே வெள்ளைச் சோறே மலைபோற் குவிக்கப்படுகின்றது. அதன்மேல் வைக்கப்படும் கறி எது என்பதைப்பற்றி மட்டும் சண்டை நடக்கின்றது!

மச்சம் உண்போரும் இவ்விடத்திலே வெற்றி கொண்டாட இயலாது. பதப்படுத்திய இறைச்சி பெருங்குடற் புற்றுநோயை ஏற்படுத்தவல்லது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015 ஆம் ஆண்டு உறுதிப்படுத்திற்று. தகரத்தில் அடைத்த இறைச்சியையும் சொசேச்சையும் பலத்தின் சின்னமாகப் பிள்ளைக்கு ஊட்டுவோர் அதனைக் கவனித்தல் நன்று. இலங்கையரில் மிகப் பெரும்பாலானோர் மீனோ இறைச்சியோ முட்டையோ உண்பவர்கள். அவ்வாறிருந்தும் 2018-2019 காலப்பகுதியில் நிகழ்ந்த தேசிய ஆய்வின்படி வளர்ந்தோருள் ஏறத்தாழ 23 வீதமானோருக்கு நீரிழிவு உண்டு. கலப்புணவு என்னும் பெயரும் மக்களைக் காக்கவில்லை. சோற்றினதும் சீனியினதும் அளவைக் குறைக்காமல் இரு மீன்துண்டுகளைச் சேர்ப்பதால் அது சமநிலை உணவாகிவிடாது.

வறுமையின் மரக்கறி

இந்நாட்டிலே உண்மையில் 'தாவர உணவினர்' எனத்தக்க பெருந்தொகையினர் யாவர்? ஆலய வீதிகளிலே வாழும் சைவக் குடும்பத்தினர் மட்டுமல்லர். கோதுமை மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தேநீரும் கொண்டு மலையேறும் பெருந்தோட்டத் தொழிலாளரும் அவர்களே. அவர்களுடைய கோப்பையிலே மீன் இல்லாமைக்குக் காரணம் கொல்லாமையன்று, கூலி. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடு முழுவதிலும் 17.3 வீதம், தோட்டப் பகுதியிலோ 31.7 வீதம். இப்பிள்ளைகளின் உணவைத் 'தாவரம் சார்ந்தது' என எந்த ஆய்வாளராவது பெருமையுடன் பதிவு செய்வாரா?

2022 ஆம் ஆண்டிலே பொருளாதாரம் சரிந்தபோது, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலைகள் செப்தெம்பர் மாதத்தில் முந்திய ஆண்டைவிட 94.9 வீதம் உயர்ந்திருந்தன. முட்டையும் மீனும் பால்மாவும் எத்தனையோ வீடுகளிலிருந்து விடைபெற்றன. ஒரு தீர்மானமும் எடுக்காமலே அக்குடும்பங்கள் மரக்கறியினராயின. அவ்வேளையில் மச்சத்தைக் கைவிடுவது உடலுக்கு நல்லது என உபதேசிப்பது அறியாமை மட்டுமன்று; விலைவாசிக்குச் செய்யும் வக்காலத்துமாகும். பசியைப் புண்ணியமாக்கும் இவ்வித்தையை ஆளும் வர்க்கம் என்றுமே விரும்பி வரவேற்கும்.

வீட்டினுள்ளும் ஒரு வறுமை உண்டு. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிய பின், எஞ்சிய சோற்றையும் குழம்பையும் உண்ணும் தாய்க்குப் பால் ஒரு கரண்டி தேநீரிற் கலந்ததுடன் முடிந்துவிடும். தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் உறிஞ்சுவதில்லை. உணவோடு அருந்தும் தேநீர் அதனை மேலும் தடுக்கும். மாதந்தோறும் குருதி இழக்கும் பெண்ணுக்கு இதன் விளைவு யாது என்பதை விளக்க வேண்டியதில்லை. கேதாரகௌரி விரதத்தின் இருபத்தொரு நாளையும் கந்தசஷ்டியின் ஆறு நாளையும் அவள் அனுட்டிக்கும்போது, அவளுடைய பக்தியைப் புகழ்வோர் அவளுடைய குருதியையும் ஒருமுறை சோதிப்பித்தல் வேண்டாமா?

சாதி பற்றியும் ஒரு வார்த்தை. மீன் பிடிப்போனைத் தாழ்ந்தவன் என ஒதுக்கி, அவன் பிடித்த மீனை விலைபேசி வாங்கி உண்டு, விரத நாளில் மட்டும் தூய்மை பேசிய ஒரு சமுதாயத்திலே, 'சைவச் சாப்பாடு' என்பது நெடுங்காலமாகவே அந்தஸ்தின் அடையாளமாகவும் இருந்து வந்துள்ளது. தீட்டு என்ற பழைய சொல்லை வெளிப்படையாகக் கூற இன்று பலரும் நாணுகின்றனர். அந்த இடத்திலே 'ஆரோக்கியம்' என்னும் புதிய சொல் வந்து அமர்ந்துவிடாமற் பார்த்துக்கொள்வதும் முற்போக்காளரின் கடமையாகும்.

வள்ளுவர் வகுத்த எல்லை

இவ்வளவும் கூறியதனால் மரக்கறியுணவு கைவிடப்படவேண்டியது என்பது கருத்தன்று. அதற்கு வலிமையான நியாயம் ஒன்று உண்டு. ஆயின் அந்நியாயம் ஆய்வுகூடத்தில் இல்லை, அறத்தில் உள்ளது. திருக்குறளின் அமைப்பே இதனைக் காட்டும். புலான்மறுத்தல் என்னும் அதிகாரத்தை வள்ளுவர் அறத்துப்பாலிலே துறவறவியலில் வைத்தார். மருந்து என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலிலே வைத்தார். புலான்மறுத்தலின் பத்துப் பாடல்களிலும் நோய் வரும், ஆயுள் குறையும் என்னும் அச்சுறுத்தல் இல்லை. பிறிதோர் உடலை உண்டு தன் உடலைப் பெருக்குவோன் அருளுடையோன் ஆவது எவ்வாறு என்பதே தொடக்க வினா. ஊன் உண்டால் உடல் வளரும் என்பதை மறுக்காமலே, அது வேண்டாம் என்கின்றார் அவர். மருந்து அதிகாரத்திலோ ஊனுண்ணல் பற்றிய தடை ஒன்றுகூட இல்லை. முன் உண்டது செரித்தபின் உண்க, பசித்து உண்க, அளவறிந்து உண்க, ஒத்ததை உண்க என்பனவே அங்குள்ளவை. அறத்தையும் மருந்தையும் அவர் குழப்பவில்லை. அவருடைய பெயரைக் கூறிக்கொண்டு குழப்புவோர் பிற்காலத்தவரே.

இப்பாகுபாடு பயன் நோக்கியும் அவசியமானது. ஆரோக்கியத்தின் பெயரால் மரக்கறியை ஏற்றவன், நாளை வேறோர் ஆய்வு மீனே சிறந்தது எனக் கூறின் மீனுக்குச் செல்வான். அவனுக்குக் கொல்லாமை ஒரு கொள்கையாக ஒருபோதும் இருந்ததில்லை. உயிரிரக்கத்தினால் ஏற்றவனோ ஆய்வு எப்படித் திரும்பினும் அசையான். அத்துடன் தன் உணவிலே குறைவது எது என்பதை அஞ்சாமல் ஆராய்ந்து நிறைவு செய்வான். மருத்துவச் சான்றிதழை எதிர்பார்த்து வாசலில் நிற்கும் அறம் அறமாகாது. அச்சான்றிதழைத் தானே பொய்யாக எழுதிக்கொள்ளும் அறமோ அறத்துக்கும் கேடு, மருத்துவத்துக்கும் கேடு.

குறையை நிறைவு செய்தல் இயலாததன்று. லோமா லிண்டா ஆய்விலே 2021 ஆம் ஆண்டு வெளியான முடிவு இதற்குச் சான்று. முழுத் தாவர உணவை உண்ட பெண்களுக்கு இடுப்பென்பு முறிவு 55 வீதம் கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் கல்சியமும் விற்றமின் டியும் மேலதிகமாக உட்கொண்டோரிடையே அக்கூடுதல் காணப்படவில்லை. கோட்பாடு தோற்கவில்லை, குறையை ஒப்புக்கொண்டு நிறைவு செய்தபோது அது நின்றது. 1973 ஆம் ஆண்டு தொடக்கம் இந்நாட்டிலே தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் வழங்கப்பட்டு வந்த திரிபோஷாவின் தத்துவமும் ஏறத்தாழ இதுவே. சோளமும் சோயாவும் தாவரங்களே. அவற்றோடு பால்மாவும் விற்றமின்களும் சேர்க்கப்பட்டன. தானியம் மட்டும் போதும் என அதனை வகுத்தோர் எண்ணவில்லை.

ஆகவே, செய்யவேண்டியவை தெளிவானவை. சைவ உணவைப் போற்றுவோர் மேடையில் ஆயுட்கணக்குப் பேசுவதை விடுத்து, ஆலய அன்னதானத்திலே வெள்ளைச் சோற்றின் அளவைக் குறைத்துப் பயறு, கடலை, கீரை ஆகியவற்றைக் கூட்டட்டும். பாலும் முட்டையும் இல்லாத வீடுகளிலே விற்றமின் பி12 வில்லை உட்கொள்வது சமயத்துக்கு மாறானதன்று என்பதை வெளிப்படையாகக் கூறட்டும். தேநீரை உணவினின்றும் சிறிது நேரம் தள்ளி அருந்தவும், கீரைக்குத் தேசிப்புளி சேர்க்கவும் சொல்லிக்கொடுப்பது ஆயிரம் துதியுரைகளிலும் மேலான தொண்டு. மச்சத்தைப் போற்றுவோரோ பெட்டியில் அடைத்த இறைச்சியை விடுத்து, ஏழையின் நெத்தலியும் முட்டையும் விலை குறைந்து கிடைக்கப் போராடட்டும். தோட்டத் தொழிலாளிக்கு எதனை உண்ணவேண்டும் என்று போதிக்குமுன், விரும்பியதை வாங்கத்தக்க கூலி கிடைக்க வழிசெய்யட்டும். பல்கலைக்கழகத்திலே பயில்வோர், கைக்கு எட்டிய ஆய்வின் ஒரு வரியை மட்டும் பிய்த்தெடுத்துப் பழம்பெருமைக்குப் பொட்டிடும் வழக்கத்தைக் கைவிடட்டும்.

புலாலை மறுப்பதற்கும் உரிமை வேண்டும். உண்பதற்கும் உரிமை வேண்டும். மறுக்கும் உரிமை உண்ணும் வசதி உள்ளவனுக்கே உண்டு. வாங்க இயலாதவன் மறுப்பவன் அல்லன், மறுக்கப்பட்டவன். இவ்விருவரையும் ஒரே பந்தியில் அமர்த்திச் 'சைவர்' எனப் பெயரிட்டு ஆயுள் வாழ்த்துக் கூறும் மேடைகள், முதலில் மறுக்கப்பட்டவனின் இலையில் இருப்பது யாது என்பதைக் குனிந்து பார்க்கட்டும்.